பீச்சாங்கை ஆட்டக்காரனும் மாமாவோட ஒத்தைக் கண்ணும்

எங்க மாமாவுக்குப் பார்க்கிற கண்ணு ஒண்ணுதான். இன்னொண்ணு சின்ன வயசுல கல்லு பட்டுப் போயிடுச்சு. அது மூஞ்சியில இருக்கு, அவ்வளவுதான், சும்மா பேருக்கு. மிச்சம் இருந்த ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டுத்தான் அந்த மனுஷன் இத்தனை வருஷமா ஊரான் கழுத்துல கத்தி வச்சுச் சம்பாதிச்சாரு. அதனால அந்தக் கண்ணுலயும் ஒரு நாள் நிழல் விழுந்தப்போ எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மாமான்னா என் அக்கா புருஷன். சலூன்காரர். கடையில முதல் நாற்காலி அவரோடது, ரெண்டாவது என்னோடது. அக்கா ஒரு பேக்கரியில கேக்குக்கு டப்பா மடிச்சுக் கட்டுற வேலை பார்க்கிறா. வாயில யாரையும் மிச்சம் வைக்க மாட்டா, மாமாவையும் சேர்த்துத்தான்.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமா, ஒடுக்கமா இருக்கும். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. எதிர்ப்பக்கம், காத்திருக்கிறவங்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு மேல, தலை இடிக்காத உயரத்துல டிவி. கண்ணாடிப் பக்கம் ஆணி அடிக்க இடம் இல்லாததால அது அங்க போச்சு. ஆக, நாற்காலியில இருக்கிறவன், நிக்கிற நாங்க, டிவிக்கு அடியிலயே உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்காரங்க, எல்லாருமே கண்ணாடிக்குள்ளதான் படம் பார்ப்போம். ஸ்கோர் எழுத்தெல்லாம் திரும்பிக்கிட்டு நிக்கும். அதைப் படிக்கிறது மாமாவுக்குத் தண்ணி பட்ட பாடு. சத்தம் வைக்கிறதே கிடையாது. ஒரு பக்கம் ரேடியோ, ஒரு பக்கம் ஹேர் டிரையர், இதுல வர்ணனை எவன் காதுல விழும்?

வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பெரிய டென்னிஸ் போட்டி வரும் பாருங்க, புல்லுத் தரையில ஆடுறது, அதுக்கு எங்க கடையில பேரு வெறும் 'புல்லு'. "என்ன அண்ணே, புல்லு எப்போ?"ன்னு கேட்டுக்கிட்டேதான் பெஞ்சுக்காரங்க உள்ளே வருவாங்க. மத்தவங்க ஆட்டத்தைப் பார்ப்பாங்க. மாமா முதல்ல தரையைப் பார்ப்பாரு.

"டேய், பாருடா. ஒரு இழையாவது தூக்கிக்கிட்டு நிக்குதா? நம்பர் போட்டு மெஷின் ஓட்டின மாதிரி வச்சிருக்கான். இவன் மட்டும் வேலைக்கு வந்தான்னா உன்னைக் கழட்டி விட்டுடுவேன்."

போட்டி போகப் போக, ஆளுங்க நின்னு நின்னு சர்வீஸ் போடுற இடத்துல புல்லு தேய்ஞ்சு மண்ணு தெரிய ஆரம்பிக்கும். "நெத்தி ஏறிடுச்சு"ன்னு சொல்லுவாரு. கடைசி ஆட்டம் வர்றப்போ, "முழு வழுக்கை. இனி எண்ணெய் தடவிப் பிரயோஜனம் இல்ல"ன்னு சொல்லுவாரு. பெஞ்சே குலுங்கும். ரெண்டு பேரும் சமமா நின்னு ஆட்டம் டைபிரேக்குக்குப் போச்சுன்னா கத்தியை மடக்கிக் கீழே வச்சுடுவாரு. பாதி மீசையோட எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க, தெரியுமா? ஒருத்தரும் கோவிச்சுக்கிட்டது இல்ல.

அவருக்குன்னு ஒரு ஆட்டக்காரன் இருந்தான். ஒல்லிக் குச்சி, தலையில துணி கட்டியிருப்பான். அவன் பேரு எங்க வாயில நுழையாது, அதனால பீச்சாங்கைன்னு வச்சிருந்தோம். இடது கையால ஆடுறவனாச்சே. கோப்பை வாங்கினவன் கிடையாது. எப்பப் பார்த்தாலும் பயந்த மூஞ்சி, நல்லா ஆடிக்கிட்டே போய்க் கடைசியில சொதப்பிட்டு வந்துடுவான். "ஏன் மாமா, உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "அவனுக்கு உள்ளுக்குள்ள உதறுதுடா, எனக்குத் தெரியுது. இருந்தும் வலைக்கு ஓடுறான் பாரு"ன்னு சொன்னாரு.

இந்த வருஷம் புல்லு தொடங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அது நடந்துச்சு. ஒரு லாரி டிரைவருக்குத் தாடைக்கு அடியில கத்தி ஓட்டிக்கிட்டு இருந்தாரு. திடீர்னு கத்தியை எடுத்தாரு, மடக்கினாரு, என்னை ஓரமா கூப்பிட்டாரு.

"மேல ட்யூப் லைட்டு போயிடுச்சா?"

"இல்லையே மாமா. எரியுதே."

"அப்போ கத்தியை நீ எடு."

அவ்வளவுதான் சொன்னாரு. அந்த டிரைவருக்கு மிச்சத் தாடியை நான்தான் எடுத்தேன், ஆனா எப்படி எடுத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் இல்ல.

கண் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ஒளிச்சு மறைச்சுப் பேசுற ஆளு இல்ல. "சுவர்ல ஒட்டின காகிதம் ஓரத்துல உரிஞ்சு தொங்கும்ல, அப்படி உங்க விழித்திரை உரிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணி ஒட்டிட்டு, உள்ளே ஒரு வாயுக் குமிழி வைப்பேன். குமிழின்னா மேல எழும்பும். நீங்க குப்புறக் கிடந்தாதான் அது பின்பக்கமாப் போய்த் திரையை அழுத்திப் பிடிக்கும். நான் சொல்ற வரைக்கும் மூஞ்சி தரையைப் பார்த்தபடியே இருக்கணும். படுத்தாலும், சாப்பிட்டாலும், உட்கார்ந்தாலும். திடீர்னு எழும்புறது, துள்ளுறது, எதுவும் கூடாது."

"தலையைத் தூக்கிட்டா என்ன ஆகும் டாக்டர்?"ன்னு அக்கா கேட்டா.

"இன்னொரு கண்ணு இருக்கிறவங்கன்னா நான் இவ்வளவு கண்டிப்பா சொல்ல மாட்டேன்மா."

அக்கா என்னைப் பார்த்தா. நான் அக்காவைப் பார்த்தேன். புல்லு தொடங்கப் போகுது, இந்த மனுஷன் துள்ளாம இருக்கணுமாம்.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் முதல் சண்டையே அதுதான். டிவி பக்கமே பேச்சு போகக் கூடாதுன்னு அக்கா சொல்லிட்டா. கட்டில்ல குப்புறக் கிடந்து, வட்டத் தலகாணி ஓட்டையில மூஞ்சியைப் பொதிச்சுக்கிட்டு, அந்த ஓட்டைக்குள்ள இருந்து மாமா பேசினாரு. "ஸ்கோர் தெரியலைன்னாதான் எனக்குத் தவிப்பா இருக்கும். தவிச்சா தலையைத் தூக்கிடுவேன். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது. நீயே பார்த்துச் சொல்லு."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா."

அக்கா பேக்கரிக்கு லீவு போட்டா. டென்னிஸ்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது. கூட்டம் கத்துறதைக் கேட்டா இவர் துள்ளிடுவாருன்னு டிவி சத்தத்தைச் சுத்தமா நிறுத்திட்டா. கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, ஒரு கையை மாமா பிடரியில அழுத்தி வச்சுக்கிட்டே ஆட்டத்தைச் சொல்லுவா. ஊர்ல இருக்கிற தலையை எல்லாம் குனிய வச்சுப் பிடிச்ச மனுஷனுக்கு இப்போ அவர் தலையைப் பிடிக்க ஆளு வந்துடுச்சு.

"அடிச்சுட்டான்... அவனும் அடிச்சுட்டான்... ஐயோ, வலையில மாட்டிக்கிச்சு."

"யாரு அடிச்சது மாட்டிக்கிச்சு?"

"வெள்ளைச் சட்டை போட்டவன்."

"ரெண்டு பேருமே வெள்ளைச் சட்டைடி!"

"கத்தாதீங்க, குமிழி ஆடும். தலையில துணி கட்டியிருக்கானே, அவன் அடிச்சது மாட்டல. போதுமா?"

இது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆட்ட நேரத்துல நான் கடையில தனியா அல்லாடிக்கிட்டு இருப்பேன். அதே ஆட்டத்தைக் கண்ணாடிக்குள்ள பார்த்துக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் 'இப்போ மாமா தலையைத் தூக்கியிருப்பாரோ'ன்னு வேர்த்துக்கிட்டு நிப்பேன். பீச்சாங்கை ஒரு நல்ல அடி அடிச்சான்னா பெஞ்சு கைதட்டும். நான் மட்டும் போனையே பார்ப்பேன். அவன் ஜெயிக்கிறது இப்படிப் பயமா இருக்கும்னு நான் நினைச்சுப் பார்த்ததே இல்ல. அவன் பாட்டுக்கு ஜெயிச்சுக்கிட்டே வந்தான், படுபாவி. எந்த வருஷமும் இல்லாம இந்த வருஷம்.

போன் பண்ணினா பின்னாடி அக்கா குரல் கேட்கும். "பீச்சாங்கையால ஒண்ணு போட்டான்! ஆமாங்க, பீச்சாங்கையாலதான்!" சரி, அக்காவும் நம்ம கடைப் பாஷைக்கு வந்துட்டான்னு நினைச்சுக்கிட்டேன்.

கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போனா மாமா என் காலைப் பார்த்தே பேசுவாரு. அவருக்குத் தெரியறதெல்லாம் தரைதான். "செருப்பு ஒரு பக்கமாத் தேயுது பாரு, ஒரு காலை ஊன்றி நின்னே வேலை பார்க்கிற. இடுப்பு போயிடும்." குரல்ல சிரிப்பு இருக்கும். தலகாணி மட்டும் எப்பவும் ஈரமா இருக்கும். மருந்து வடியுதுன்னு அக்கா சொல்லுவா. நானும் மேல கேட்க மாட்டேன்.

ஒரு வழியா டாக்டரம்மா எழும்பி உட்காரலாம்னு சொன்னாங்க. குமிழி பாதியாக் கரைஞ்சிருக்கு, பார்வை மங்கலாத்தான் இருக்கும், எழுத்தெல்லாம் இப்போ தெரியாது, பொறுமையா இருங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. கண்ணுக்குள்ள ஒரு கோடு தெரியுதாம், கொத்தனார் வச்சிருக்கிற ரசமட்டத்துல தண்ணி ஆடுமே, அது மாதிரி. தலையை அசைச்சா அதுவும் அசையுதாம்.

அன்னிக்குக் கால் இறுதி ஆட்டம். அக்கா சமையல்ல இருந்தா. மாமா தனியா டிவி முன்னாடி உட்கார்ந்தாரு. ஆட்டத்து நடுவுல எனக்குப் போன் வந்துச்சு. ஒரு ஆளுக்குக் கிருதா எடுத்துக்கிட்டு இருந்தேன், போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டேன்.

"ஆட்டம் பார்க்கிறியா?"

"பார்க்கிறேன் மாமா. சூப்பரா ஆடுறான். உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது. இப்போ சர்வீஸ் போட்டானே, எந்தக் கையால போட்டான்?"

"இதென்ன கேள்வி? பீச்சாங்கையாலதான் மாமா. வேற எதால போடுவான்?"

"நல்லாப் பார்த்தியா?"

"கண் முன்னாடி நிக்கிறான் மாமா."

போன் கட்டாயிடுச்சு. பீச்சாங்கை அந்த ஆட்டத்தை ஜெயிச்சான். பெஞ்சுல ஒருத்தர் எழும்பி ஆடவே ஆடினாரு. ஜெயிச்சதும் மாமா போன் பண்ணிக் கத்துவாருன்னு காத்திருந்தேன். வரல.

நான் வீட்டுக்குப் போனப்போ மாமா பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தாரு. அக்கா துணி எடுக்க மாடிக்குப் போனதும் என் கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வச்சாரு.

"டேய், கண்ணு போச்சுடா."

"தெரியுதுன்னு சொன்னீங்களே மாமா!"

"தெரியுது. ஆனா திருப்பிக் காட்டுது. இடதை வலதாக் காட்டுது. அவன் வலது கையால ஆடுறான்டா எனக்கு. ஆட்டம் முழுக்க. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், தலையைச் சாய்ச்சுப் பார்த்தேன், கிட்டத்துல போய்ப் பார்த்தேன். வலது கைதான்."

அதே ஆட்டத்தை, அதே நேரத்துல, ரெண்டு நல்ல கண்ணால நான் பார்த்திருக்கேன். இடது கை. சந்தேகமே இல்ல. "உங்க கையை நீட்டிப் பாருங்க மாமா, அதுவும் திரும்பியா தெரியுது?"ன்னு கேட்டேன்.

"எல்லாம் பார்த்துட்டேன். என் கை சரியா இருக்கு. உங்க அக்கா கதவு வழியா சரியான பக்கம்தான் போறா. கிட்டத்துல சரியா இருக்கு, தூரத்துலதான் கோளாறு. அந்தக் குமிழி உள்ளே என்னமோ பண்ணிடுச்சு. இன்னிக்குத் தூரத்துல, நாளைக்குக் கிட்டத்துல. எதிர்ல ஒருத்தன் கழுத்தை நீட்டிக்கிட்டு இருக்கான், நான் கத்தியை எந்தப் பக்கம்னு கொண்டு போவேன்?"

"அக்காகிட்ட சொல்லுவோம்."

"மூச்சு விட்டேன்னா கொன்னுடுவேன்." என் கையை இன்னும் இறுக்கினாரு. "குப்புறக் கிடந்தப்போ ஒரு தடவை தலையைத் தூக்கிட்டேன்டா. அவ கையையும் மீறித் தூக்கிட்டேன். அதனாலதான் இப்படி ஆயிருக்கு. தெரிஞ்சா, தான் ஒழுங்காப் பிடிக்கலைன்னு காலம் பூரா அழுவா. அவளை அப்படி அழ வைக்கிறதுக்கு எனக்கு இந்தக் கண்ணே வேண்டாம்."

இப்படி ஒரு விஷயத்தை என் வயித்துக்குள்ள போட்டுட்டாரு. கடையில நான் கண்ணாடியைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் மாமா முகம்தான் நினைப்புக்கு வந்துச்சு. மறுநாள் ஒரு துணியில சுத்தி அவரோட கத்தியைக் கொடுத்தாரு. யாரையும் தொட விடாத கத்தி. "நீயே வச்சுக்கோ, துருப்பிடிக்கப் போகுது"ன்னு, ஏதோ பழைய குடையைக் கொடுக்கிற மாதிரி சொன்னாரு. அரை இறுதியையும் பார்த்தாரு. அதுலயும் வலது கைதான். பீச்சாங்கை வாழ்க்கையில முதல் தடவையா கடைசி ஆட்டத்துக்குப் போயிட்டான், அதைக் கேட்டுச் சந்தோஷப்பட எங்க ரெண்டு பேருக்கும் தெம்பு இல்ல.

அடுத்த செக்கப் கடைசி ஆட்டத்துக்கு அப்புறம்தான். அது வரைக்கும் என்னால தாங்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. "நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்"னு சொன்னேன். மாட்டேன்னாரு. "கேட்டா அது உறுதியாயிடும்டா. கேட்காத வரைக்கும் ஒரு நம்பிக்கை இருக்குல்ல?" அந்தக் குரலை நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. நானும் விடல, வரலைன்னா அக்காகிட்ட சொல்லிடுவேன்னு மிரட்டினேன். கடைசியில பார்த்தா அக்காவும் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பி நிக்கிறா. "உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் சரியில்ல. என்னை விட்டுட்டுப் போகலாம்னு பார்க்கிறீங்களா?"

டாக்டரம்மா எதிர்ல உட்கார்ந்ததும் மாமா என்னைப் பார்த்தாரு. நான்தான் சொன்னேன். தூரத்துல இருக்கிறதெல்லாம் இடம் வலமா மாறித் தெரியுதுன்னு. அக்கா அப்படியே சுவர்ல சாய்ஞ்சா.

டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினாங்க. எழும்பி அறையோட அந்த மூலைக்குப் போய் ஒரு கையைத் தூக்கினாங்க. "எந்தக் கை?"ன்னாங்க. மாமா சொன்னது சரி. இன்னொரு கை. அதுவும் சரி. நர்ஸம்மாவை ஓட விட்டுப் பார்த்தாங்க, எந்தப் பக்கம் ஓடினாங்கன்னு. எல்லாம் சரி.

"சரியாத்தானே சொல்றீங்க? என்னதான் மாறித் தெரியுது உங்களுக்கு?"

மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாரு. "டென்னிஸ்ல ஒரு பையன் டாக்டர். இடது கை ஆட்டக்காரன். எனக்கு மட்டும் வலது கையாலயே ஆடுறான்."

"எந்தப் பையன்? தலையில துணி கட்டிக்கிட்டு இப்போ ஃபைனல் போயிருக்கானே, அவனா? அவன் வலது கைதாங்க! அவனுக்கு எங்க இருந்து வந்துச்சு இடது கை?"

நான் விடல. "இல்ல டாக்டர், வருஷக் கணக்கா நாங்க எல்லாரும் கடையில பார்க்கிறோம். கடையே சாட்சி. கண்ணாடியில அவ்வளவு தெளிவா..." சொல்லிக்கிட்டு வந்த வாய் அப்படியே நின்னுடுச்சு. கண்ணாடியில. மாமாவும் அதே நேரத்துல நிமிர்ந்தாரு. திரும்பின எழுத்தைப் படிக்கத் தெரிஞ்ச ரெண்டு மேதைங்களுக்கு, எழுத்து திரும்பினா ஆளும் திரும்பியிருப்பான்னு இத்தனை வருஷமா தோணல! வாடிக்கைக்காரன் கண்ணாடியைக் காட்டி 'இந்தப் பக்கம் கொஞ்சம் எடுங்க'ன்னா எந்தப் பக்கம்னு யோசிக்காம எடுக்கிற கை எங்களோடது. இதை யோசிக்கல.

"நீ இடது கைன்னுதானடி சொன்னே?"ன்னு மாமா அக்கா பக்கம் திரும்பினாரு. "பீச்சாங்கையால போட்டான், பீச்சாங்கையால போட்டான்னு தினமும் சொன்னியே!"

அக்கா அழவே ஆரம்பிச்சுட்டா. "முதல் நாளே வலது கைன்னுதான் சொன்னேன். 'வலது கையா, யாரைப் பார்த்துச் சொல்ற'ன்னு நீங்க தலையைத் தூக்கிட்டீங்க! என் கையையும் தள்ளிட்டுத் தூக்கிட்டீங்க! எனக்கு உசிரே போயிடுச்சு. அதுக்கு அப்புறம் நீங்க எந்தக் கைன்னாலும் அந்தக் கைன்னே சொல்லிட்டேன். தலை தூக்கினதை டாக்டர்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் கேட்கல. தினமும் அதை நினைச்சு நினைச்சு..."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நர்ஸம்மா வெளியே போய்ச் சிரிச்சாங்க. மாமாவும் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன், அக்கா அழுதுக்கிட்டே என்னை ஓங்கி ஒண்ணு வச்சா. "சரி, வந்ததுதான் வந்துட்டீங்க, ஒரு தடவை உள்ளே பார்த்துடுறேன்"னு டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, லைட்டை அணைச்சு, மாமா கண்ணுக்கு நேரா குனிஞ்சாங்க.

குனிஞ்சவங்க எழும்பல. மேல பார்க்கச் சொன்னாங்க. ஓரத்துல பார்க்கச் சொன்னாங்க. மறுபடியும் அதே ஓரம். சிரிப்பு எப்போ நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. இருட்டுல அக்கா என் சட்டையைப் பிடிச்சா.

"ஓரத்துல புதுசா ஒரு கிழிசல் இருக்கு. சின்னதுதான், இன்னும் உரியல. செக்கப் வரைக்கும் விட்டிருந்தா திரையை மறுபடி இழுத்திருக்கும். ரெண்டாவது தடவைன்னா நான் எதுவும் உறுதியா சொல்ல முடியாது. இப்பவே லேசர் வச்சுடலாம்."

தலையைத் தூக்கினதாலயான்னு அக்கா கேட்டா. அப்படிச் சொல்ல முடியாதும்மா, சில பேருக்கு இப்படி வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அக்கா அதை நம்பினாளான்னு எனக்குத் தெரியாது. மாமாவை உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. நாங்க வெளியே பெஞ்சுல உட்கார்ந்தோம். அக்கா பேசவே இல்ல. அவ பேசாம இருந்து நான் பார்த்ததே அன்னிக்குத்தான். கதவு திறக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் எழும்பி நின்னேன்.

லேசர் முடிஞ்சு மறுபடியும் வீட்டுல படுக்கை. இந்தத் தடவை ஒருக்களிச்சு. மாமா டிவி பார்க்கக் கூடாது. கடைசி ஆட்டத்தை மறுபடியும் அக்காதான் சொன்னா. நான் கடையைப் பூட்டிட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். முதல் தடவையா அவனை நேருக்கு நேரா பார்த்தேன். வலது கை. ஏதோ தெரியாத ஆளு மாதிரி இருந்தான். தோத்துக்கிட்டு இருந்தான்.

"என்னடி சத்தத்தைக் காணோம்?"

அக்கா என்னைப் பார்த்தா. மழை வந்து ஆட்டத்தை நிறுத்திட்டாங்கன்னு சொல்லிடலாமான்னு அவ கண்ணுல தெரிஞ்சுது. அப்புறம் மாமா பிடரியில கையை வச்சா. "தோக்கிறான்ங்க. நிறையவே தோக்கிறான்."

மாமா அசையல. "வலைக்கு ஓடுறானா?"

"ஓடுறான்."

"அப்போ சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு." கடைசி பந்து வரைக்கும் அக்கா சொன்னா. வலது கையால அடிச்சான், வெளியே போச்சு, முடிஞ்சுது.

மாமா கடைக்கு வர நாளாச்சு. குமிழி முழுசாக் கரைஞ்சு, டாக்டரம்மா வேலை பார்க்கலாம்னு சொல்லி, அதுக்கு அப்புறமும் நாளாச்சு. வந்த அன்னிக்குப் பெஞ்சு நிறைய ஆளு. எல்லாரும் நலம் விசாரிச்சாங்க, பீச்சாங்கை கதையைக் கேட்டுச் சிரிச்சாங்க. அவர் நாற்காலியைத் தட்டிக் காட்டினா மட்டும், "நீங்க ரெஸ்ட் எடுங்க அண்ணே, எனக்கு அவசரம் இல்ல"ன்னு சொல்லிட்டு என் நாற்காலிக்குக் காத்திருந்தாங்க. யாரையும் குறை சொல்ல முடியாது. கழுத்தாச்சே? மாமா துண்டு மடிச்சாரு. முடியைக் கூட்டி அள்ளினாரு. மறுநாளும் அதேதான். அதுக்கு அடுத்த நாள், அவர் துண்டு மடிக்கிறதைப் பார்க்க எனக்குச் சகிக்கல. கூட்டம் இல்லாத மத்தியான நேரத்துல நானே போய் அவர் நாற்காலியில உட்கார்ந்தேன். அவர் கத்தியை எடுத்து அவர் கையில கொடுத்தேன்.

"ஷேவ் பண்ணிவிடுங்க மாமா. நல்லா வழுவழுன்னு."

துணியைப் போர்த்தினாரு. நுரை தடவினாரு. கட்டை விரலால தாடையைத் தடவித் தடவி இடம் பார்த்தாரு, எப்பவும் பார்க்கிற மாதிரிதான். கத்தி கன்னத்துல இறங்குச்சு. சரி. இன்னொரு கன்னம். சரி. என் தலையைச் சாய்ச்சுக் கழுத்துக்கு வந்தப்போ நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். வேணும்னு மூடல, அதுவா மூடிடுச்சு.

கத்தி நின்னுச்சு.

"பயமா இருக்கா?"

"இல்ல மாமா."

"எனக்கு இருக்குடா. நீ கண்ணைத் தொற."

தொறந்தேன். அவர் கை மெதுவா நடுங்குறது தெரிஞ்சுது. ஒரு மூச்சு இழுத்து விட்டாரு, நடுக்கம் கொஞ்சம் அடங்குச்சு, கத்தி தொண்டைக்குழி மேல ஏறுச்சு. நான் எச்சில் முழுங்கல. அந்தச் சரக் சரக் சத்தத்தைத் தவிர உலகத்துல வேற சத்தமே இல்ல. தாடைக்கு அடியில ஒரு சுரீர். நான் அசையல. முடிச்சாரு. ஈரத் துண்டால துடைச்சாரு. நாற்காலியை நிமிர்த்தினாரு.

"எங்கேயாவது பட்டிருக்கா? பார்த்துச் சொல்லு."

கண்ணாடியில பார்த்தேன். தாடைக்கு அடியில முடி அகலத்துக்கு ஒரு கீறல், அதுல பொட்டு ரத்தம். என் மாமா முகத்தைப் பார்த்தேன். இல்ல மாமா, சூப்பரா இருக்குன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. அந்த ஒரு வார்த்தையில அவருக்குப் பழைய தெம்பு வந்துடும். நாளைக்கே பெஞ்சுல இருக்கிறவனைக் கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வைப்பாரு.

"பட்டிருக்கு மாமா"ன்னேன். "ரத்தம் வந்திருக்கு. கொஞ்சமா."

மாமா கையில படிகாரக் கட்டி ஏற்கெனவே நனைஞ்சு தயாரா இருந்துச்சு.

"எனக்குத் தெரியுதுடா. நீ சொல்றியான்னுதான் கேட்டேன்."